மழையில் நிறுத்திய மோட்டார்

அந்த நிலத்தைப் பார்க்கப் போன அன்று எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. சேந்தமங்கலத்தில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்த இரண்டு மலைக்காரர்களுக்கு மோர் கொடுத்தால் அதை மரியாதை என்றுதான் எடுத்துக்கொள்வோம். அண்ணன் இரண்டு சொம்பு குடித்தார். நான் ஒன்று குடித்தேன். அடிவாரத்துக்காரர்கள் நிலம் பார்க்கப் போனால் முதலில் மோட்டாரைப் போடச் சொல்வார்களாம். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றித் துப்பிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்களாம். இது எனக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது. கொல்லிமலையில் தண்ணீரை யாரும் ருசி பார்ப்பதில்லை. ருசி பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

ஒன்றரை ஏக்கர். மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் அப்பா விட்டுப்போன சரிவில் பாதியை விற்று, நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கியது. அண்ணன் மேலேயே இருந்துகொண்டார். கீழே வந்து பாடுபட வேண்டியவன் நான். ஆசைப்பட்டதும் நான்தான். ஏழாவது படிக்கும்போது அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பதினாறு வயதிலிருந்து கட்டட வேலை. கலவை போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து, மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்து சேர்ந்தது. சொந்தக் காடு, சொந்த வெள்ளாமை என்று நின்றுவிட்டால் இனி சிமெண்ட் மூட்டையைத் தொட வேண்டாம். இதுதான் என் கணக்கு. என் மனைவிக்கும் அதே கணக்கு. அவளும் சித்தாளாகப் பத்து வருஷம் சட்டி சுமந்தவள்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பஸ் பிரேக் பிடிக்குமா என்று பயப்படுவேன். பிடித்துவிட்டால் ஏன் இப்படிப் பிடித்தான் என்று பயப்படுவேன். மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற என் கையை என் மனைவி தட்டிவிடுவாள். "நீங்க புடிச்சு நிறுத்தித்தான் பஸ்ஸு நிக்குதா?" என்பாள். இவ்வளவு பயம் இருந்தும் அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

முதல் வெள்ளாமை மரவள்ளி. எங்களுக்குத் தெரிந்த பயிர் அதுதானே. குச்சி நட்டு, போர்வெல் தண்ணீர் விட்டோம். முளைத்ததே முக்கால்வாசிதான். வந்ததும் குட்டையாக நின்றது. மூன்றாம் மாதம் அடி இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டினது மாதிரி பழுப்பாகத் தீய்ந்தது. மலையில் இலை ஓரம் காய்ந்தால் அது தாகம். வேறு காரணம் கிடையாது. அதனால் இன்னும் தண்ணீர் விட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை விட்டதைத் தினம் விட்டேன். இலை இன்னும் தீய்ந்தது. இன்னும் விட்டேன். வரப்பு ஓரமெல்லாம் காலையில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நான் அதைப் பனி என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். என் மனைவி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, சோத்துக்கே போடலாமாட்ட இருக்குது" என்றாள்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் போய்க் கேட்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் போன பிறகு தனியாகவே மூன்று ஏக்கர் பார்க்கிறவர். வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"ஏந்தம்பி, வாங்கறப்ப தண்ணியக் குடிச்சுப் பாக்கலியா?"

"மோர் குடுத்தாங்கக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சேலையில் தெறித்தது. "காட்ட வித்தவன் ஊட்டுல மாடே கெடையாது சாமி. உங்களுக்குன்னு மோரு வாங்கியாந்திருக்கான்."

பிறகுதான் விவசாய ஆபீசுக்குப் போனேன். ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பையில் மண்ணும் கொண்டுபோனேன். பதினைந்து நாள் கழித்து ஒரு மேடம் நேரிலேயே வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். என்னை அண்ணா என்றார். வாடிய மரவள்ளிச் செடி ஒன்றைச் சுற்றிக் கையால் தோண்டினார். மண் பிசுபிசுவென்று ஈரமாக வந்தது.

"ஈரம் இருக்குதுங்களா அண்ணா?"

"இருக்குதுங்க."

"ஆனா செடிக்கு இல்ல. உப்பு அந்தத் தண்ணியப் புடிச்சு வெச்சுக்குது. வேரு இழுத்தாலும் வராது. ஈரத்துல நின்னுக்கிட்டே இது தாகத்துல காயுது. நீங்க விடற தண்ணியிலயும் உப்புத்தான். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு மண்ணுலயே தங்கிடும். விட விட ஏறிக்கிட்டேதான் போகும்."

நான் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஊற்றிய ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் வந்தது.

அடி இலை மட்டும் ஏன் முதலில் தீய்கிறது என்று என் மனைவி கேட்டாள். மேடம் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை. தண்ணீரோடு உள்ளே வந்துவிட்ட உப்பை வெளியே துப்பச் செடிக்கு வழியில்லை. அதனால் வயதான இலைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த இலைகளைச் சாகக் கொடுத்துக் குருத்தைக் காப்பாற்றுகிறது. கொடுக்க இலை இருக்கிறவரைக்கும்தான் அது முடியும். மரவள்ளிக்கு அதிகம் முடியாது. பருத்திக்கு முடியும். உப்பை வாங்கி வைத்துக்கொண்டே இலையில் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டாம்.

"ஆனா பருத்தியும் சின்னதுல தாங்காதுங்கண்ணா. மொத ரெண்டு மாசம் கொழந்தையாட்டப் பாக்கணும்."

சொட்டுநீர் போடச் சொன்னார். என்னென்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். என் மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். அவர் பேசுகிற வேகத்துக்கு என் கை ஓடவில்லை. ஒரு வரியை முடிப்பதற்குள் அவர் மூன்று வரி தாண்டியிருப்பார். மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையாட்டிக்கொண்டே எழுதினேன்.

மரவள்ளியைப் பிடுங்கிய அன்று அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தார். கிழங்கு விரல் தடிமன்தான் இருந்தது. உடைத்தால் உடையாமல் நாராக இழுத்தது. அண்ணன் ஒன்றைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"இத ஆட்டுக்குப் போட்டாக்கூட நம்மள மொறைக்கும்டா."

கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அண்ணனிடம் ஏற்கெனவே பேசியிருந்தார். ஷெட் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு மண் எப்படியிருந்தால் என்ன? தண்ணீருக்கு வேறு இடத்திலிருந்து பைப் இழுத்துக்கொள்வாராம். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து சொன்னார்:

"தம்பி, இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை. அது நின்னுச்சுன்னா காடு உன்ற பாடு, நான் வாயே தொறக்கமாட்டேன். நிக்கலீன்னா அவருக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன். நீ பழையபடி வேலைக்குப் போ. என்னையக் கொறை சொல்லக்கூடாது."

நியாயமான பேச்சு. சரி என்றேன்.

மாசியில் பருத்தி ஊன்றினோம். முளைக்கிற பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்ப்பேன். முளைத்தது. முழுசாக இல்லை, ஆனால் மரவள்ளியைவிட நன்றாகவே முளைத்தது. இரண்டு இலை, நான்கு இலை என்று வந்தது. சொட்டுநீர்க் குழாயில் ஒவ்வொரு துளைக்குக் கீழேயும் வட்டமாக ஈரம். அந்த வட்டத்தின் நடுவில் செடி. வட்டத்தின் விளிம்பில் வெள்ளை. செடிக்குச் செடி அப்படி ஒரு வெள்ளை வளையம். தண்ணீர் நடுவில் சொட்டச் சொட்ட, உப்பை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. தினமும் மோட்டார் ஓடுகிறவரைக்கும் உப்பு அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்கும். இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். துளைகளில் அடைக்கிற வெள்ளைக் கட்டியை ஊசியால் குத்திக் குத்தி எடுப்பேன். ஒரு நாள்கூட மோட்டார் போடத் தவறியதில்லை.

பங்குனி முடியும்போது என் மனைவி மிளகு பறிக்க மலைக்குப் போனாள். அவள் அண்ணன் வீட்டில் ஆள் பற்றவில்லை. போகும்போது, "நோட்டப் பாத்துப் பாத்துச் செய்யுங்க. உங்க புத்தியக் கேட்டுச் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மலைப் பக்கம் கறுத்து, காற்று திரும்பி, மண் வாசனை வந்தது. பிறகு தூறல். உப்பில்லாத தண்ணீர் அந்தச் செடிகள்மேல் விழுந்ததை அவை பிறந்த பிறகு அன்றுதான் பார்க்கிறேன். இலை ஒவ்வொன்றும் தலையாட்டியது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மழை இறங்கும்போது ஊற்றில் தண்ணீர் எடுக்க மாட்டோம். எடுத்துக்கொண்டிருந்தாலும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஏறி வந்துவிட வேண்டும். ஒருவர் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் முன்னாலேயே இன்னொருவரிடம் கை நீட்டுகிற மாதிரி அது. அம்மா அடிக்கவே அடிப்பாள். நாற்பத்தாறு வயதிலும் என் கால் தானாக மோட்டார் ரூமுக்குப் போனது.

ஸ்டார்ட்டர்மேல் கையை வைத்தபோது நோட்டு ஞாபகம் வந்தது. அங்கேயே ஆணியில் மாட்டியிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். என் கோணல் எழுத்தில் இருந்தது: தூறல் விழுந்தால் மோட்டாரை நிறுத்தக் கூடாது.

இரண்டு தடவை படித்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. மழை பெய்யும்போது எவனாவது தண்ணீர் பாய்ச்சுவானா? அவசரத்தில் நான்தான் தப்பாக எழுதியிருப்பேன். ஏழாம் வகுப்புக்காரன் எழுத்து. கடையில் சாமான் லிஸ்ட் எழுதினாலே ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகிறவன். மேடத்துக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை, மழை வருகிறது மோட்டாரை நிறுத்தலாமா என்று ஒரு ஆபீசரிடம் கேட்டால் என்ன நினைப்பார்? மனைவிக்கு அடித்தேன். மலையில் டவர் கிடைக்கவில்லை. இடி வேறு இடித்தது. மின்னலில் மோட்டாரின் காயில் எரிந்துபோனால் அது வேறு செலவு. பச்சைப் பட்டனை விட்டுச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

சத்தம் நின்ற பிறகு தூறல் எவ்வளவு அழகாகக் கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். அரை மணி, முக்கால் மணி நேரம். அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் பருத்திதான். வயதானவர், மறந்து தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துச் சொல்லிவிட்டு வரப் போனேன். உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அக்கா மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, மழை பெய்யுது. மோட்டாரு ஓடுது பாருங்க."

"காது கேக்குது தம்பி. அதுக்கென்ன?"

"நிறுத்தட்டுங்களா?"

"எதுக்கு?" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மாறியது. "நீ நிறுத்திப்போட்டயா?"

"மழை பெய்யுதுங்களேக்கா."

"அட மலைக்காரா! இது மழையா? இது வெறும் எச்சி. அந்தச் சுத்தி நிக்கற உப்ப அடிச்சுக் கீழ எறக்காது இது. கரைச்சு நேரா வேருக்குக் கொண்டாந்து உட்டுரும். தண்ணி உள்ள இருந்து தள்ளிக்கிட்டே இருந்தாத்தான் அது அந்தப் பக்கம் நிக்கும். ஓடு, ஓடு, போய்ப் போடு!"

ஓடினேன். சாக்கு எங்கே விழுந்ததென்று தெரியாது. மூச்சில் விசில் அடித்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பச்சைப் பட்டனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் தினமும் நான்கு மணிக்குப் போய்விடும். போயிருந்தது.

அக்காவின் மோட்டாரும் அப்போது நின்றிருக்கும், ஆனால் அவர் காட்டில் அதுவரைக்கும் தண்ணீர் உப்பைத் தள்ளியிருந்தது. தூறல் அதற்கப்புறமும் கால் மணி நேரம் விழுந்தது. பலமாகவும் பெய்யவில்லை, விடவும் இல்லை. மேலாக ஒரு விரற்கடை நனைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த வெள்ளை வளையங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே கரைந்து காணாமல் போயின. பார்க்க மண் சுத்தமாகிவிட்ட மாதிரியே இருந்தது.

மறுநாள் கரண்ட் வந்ததும் போட்டேன். அன்று செடிகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்கடுத்த நாளும். பயந்ததெல்லாம் வீண் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் வெயில் ஏற ஏறத் தலை தொங்கியது. சாயங்காலம் நிமிரவில்லை. ஒரு வாரத்தில் அடி இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. பிறகு அதற்கு மேல் இலை. சின்னச் செடி, சாகக் கொடுக்க அதனிடம் எத்தனை இலைதான் இருக்கும்? குருத்து மட்டும் ஒரு சிறு மொக்காகப் பிடித்துக்கொண்டு நின்றது. பாதிக்கு மேல் வெறும் குச்சியாகிவிட்டது. வேலி தாண்டினால் அக்காவின் பருத்தி முழங்கால் உயரத்தில் கரும்பச்சையாக நின்றது. அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

என் மனைவி திரும்பி வந்து காட்டைப் பார்த்தாள். நேராக மோட்டார் ரூமுக்குப் போய் நோட்டை எடுத்துப் படித்தாள். அவள் என்னைவிட மூன்று வகுப்பு கூடப் படித்தவள்.

"எழுதித்தான் வெச்சிருக்கறீங்க."

"எழுதுனது நாந்தான? அதான் நம்பல."

அவள் நோட்டை மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். கூப்பாடு போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வைகாசி பிறந்ததும் அண்ணன் வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். ஒரு குச்சியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். "முடிஞ்சுதுடா தம்பி. தண்ணியும் சரியில்ல, மண்ணும் சரியில்ல. மனுசன் என்ன பண்ணுவான்?" என்றார். என்னைச் சமாதானம் செய்யத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"அண்ணா, பருத்தி நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் கெடுத்துட்டேன். மோட்டார நிறுத்திப்போட்டேன்."

"எப்ப?"

"மழை வந்தப்ப."

அண்ணன் சிரித்தார். "மழை வந்தா மோட்டார நிறுத்தாம பின்ன கொடையா புடிப்பாங்க?"

வளையத்தைச் சொன்னேன். தூறலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "உங்க தம்பி சொல்றது நெசந்தானுங்க. நான் மோட்டார ஓட உட்டேன், என்ற காட்டுப் பருத்தி நிக்குது பாருங்க" என்றார்.

"நீங்க எரக்கப்பட்டுச் சொல்றீங்கம்மா" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மழை பயிரக் கொன்னுச்சுன்னு நம்மூர்ல போய்ச் சொல்லாத. சிரிப்பாங்க. காட்ட விட மனசில்லாம பேசற. எனக்குப் புரியுது" என்றார். என் வாழ்க்கையில் நான் மறைக்காமல் ஒத்துக்கொண்ட ஒரே தப்பு அது. அதை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. அன்று சாயங்காலமே பண்ணைக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

அதற்கு நான்காம் நாள் நிஜமான மழை பெய்தது. இரண்டு நாள் அடுத்தடுத்து. வரப்பு உடைந்து, வாய்க்கால் நிரம்பி, காடு முழுக்க முழங்கால் தண்ணீர் நின்று இறங்கியது. அந்த மாதிரி மழைக்கு உப்பு வேரைத் தாண்டிக் கீழே போய்விடும் என்று அக்கா சொன்னார். பத்து நாளில், குச்சி என்று நான் நினைத்தவற்றின் கணுக்களில் மிளகு அளவுக்குப் பச்சை வந்தது. பிறகு அது இலையானது. செத்ததென்று நினைத்ததில் பாதிக்கு மேல் சாகவே இல்லை. எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, வேரை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவருக்குக் குடுத்த சொல்லு குடுத்ததுதாண்டா. நாளைக்கு ஜேசிபி வருது" என்றார்.

வந்தது. அண்ணனும் வந்தார். என் மனைவி மூன்றாவது வரிசையில் போய் நின்றுகொண்டாள். டிரைவர் சின்னப் பையன் இல்லை, விவசாயம் தெரிந்த ஆள் மாதிரி இருந்தார். மண்வாரியைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பச்சையா துளுத்திருக்குதே. ஓட்டட்டுங்களா? வேணாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க, வண்டியத் திருப்பிக்கறேன்."

அண்ணன் செடிகளைப் பார்த்தார். குனிந்து ஒரு இலையை இரண்டு விரலால் தடவினார். அந்தத் துளிர் அவரையும் ஏதோ செய்துவிட்டது.

"நீ சொல்லுடா தம்பி. நீ சொன்னா நான் அந்தாளுகிட்டப் போய் எப்படியாவது பேசிக்கறேன். வெச்சுக் காப்பாத்துவியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மலைப் பக்கம் மேகம் இருந்தது. அது பெய்யுமா, தூறுமா, கரண்ட் இருக்கிற நேரத்தில் வருமா, இல்லாத நேரத்தில் வருமா? இனி வருகிற ஒவ்வொரு தூறலுக்கும் நான் அந்தப் பட்டன் முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் சரியாகச் செய்ய வேண்டும்.

"ஓட்டுங்க" என்றேன்.

டிரைவர் இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையிலிருந்து விலகி, குனிந்து, வண்டி ஏறிவிடாமல் சொட்டுநீர்க் குழாயை இழுத்துக் கையில் சுற்றத் தொடங்கினாள்.